அழுத்தம் விழும் இடம்

ஈக்காட்டுத்தாங்கல் கால் சென்டர் ஒன்றில் ஏஞ்சலுக்கு அன்று வேலைத் தேர்வின் கடைசிச் சுற்று. ‘கம்யூனிகேஷன்’ என்ற வார்த்தையை அசை அசையாகப் பிரித்து, அழுத்தம் எங்கே விழும் என்று சொல்லிக்காட்டச் சொன்னார் தேர்வு நடத்திய நந்தகுமார்.

அதெல்லாம் அவளுக்கு நொச்சிக்குப்பத்து மீன்கடையிலேயே படிந்த பழக்கம். அம்மா வஞ்சிரம் வெட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வெட்டுக்கு ஓர் அசையாகச் சொல்லிப் படித்தவள். நடுமுள்ளில் கத்தி ஓங்கி இறங்கும்போது அழுத்த வேண்டிய அசையைச் சொல்லுவாள். இப்போதும் கை தானாக மேஜையைத் தட்டியது.

“கம், யூ, னி...”

“தட்டாதீங்க. இது என்ன மார்க்கெட்டா?”

சுருக்கென்றது. கையை மடியில் புதைத்துக்கொண்டாள். மறுபடி சொன்னபோது ஐந்து அசையும் ஒரே மட்டத்தில் சப்பென்று வந்து விழுந்தன. அவர் அவளுடைய விண்ணப்பத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“நல்லா கேளுங்க. கம், யூ, னி, கே, ஷன்.”

‘கே’ வந்ததும் அவர் கையிலிருந்த பேனா மேஜையில் டக்கென்று தட்டியது.

ஏஞ்சல் பேனாவைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். வேலை கிடைக்காவிட்டால் போகட்டும்.

“இன்னொரு தபா சொல்லுங்க சார்,” என்றாள். “பேனாவ என் கையில குட்த்துட்டு.”