இடிமுழக்கம் கேட்காத கேள்வி

அண்ணன் வாயைத் திறந்தால் பெரிய மனிதர்களெல்லாம் நடுங்குவார்கள் என்று தங்கையும் ஒரு காலத்தில் நம்பியவள்தான். சட்டமன்ற உறுப்பினரான அவருக்குப் பத்திரிகைக்காரர்கள் வைத்த பெயர் இடிமுழக்கம். சட்டமன்ற விசாரணைக் குழுவில் அவர் மேசையைத் தட்டுவார். எதிரே உட்கார்ந்திருக்கும் கோடீஸ்வரன் தலையைத் தொங்கப்போடுவான். மறுநாள் பேப்பரில் அவருடைய தூக்கிய விரல் படமாக வரும். அந்த விரலால் இதுவரை ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை.

அவள் புருஷன் ஆலையில் பாய்லர் பார்ப்பவன். அந்தப் பாய்லர் வெடித்ததில் இரண்டு பேர் செத்தார்கள். இவன் இரண்டு கையும் வெந்து பிழைத்தான். ஆள் தூங்கிவிட்டான், அதனால்தான் வெடித்தது என்று நிர்வாகம் ஒரே போடாகப் போட்டுவிட்டது. அவன் தூங்கவில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, நிறுத்தப்போகிறேன் என்று சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னான். அவர் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து, மேலிடத்து உத்தரவு, நிறுத்தாதே என்றார். அதைச் சொன்ன சூப்பர்வைசரும் செத்தவர்களில் ஒருவராகிவிட்டார். இனி யார் வந்து சாட்சி சொல்வது? செத்தவர்களின் வீட்டார் தெருவில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன்தான், சாப்பிடக்கூடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டை வறண்டது.

வெடிவிபத்துக்காக ஆலை முதலாளி அண்ணனின் குழு முன் விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்ததும் அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்வி. நிறுத்தாதேன்னு போன்ல சொன்னது யாரு? அதை மட்டும் கேளு, போதும்."

"கேட்டுட்டாப் போச்சு. அவனைத் துவைச்சுக் காயப்போடுறேன், நீ வந்து பாரு" என்றார் அண்ணன், கண்ணாடியில் சால்வையைச் சரிசெய்துகொண்டே. சால்வை சரியாக விழுவதற்குள் மூன்று முறை மடித்துப் போட்டார்.

விசாரணை நாளில் அவள் பார்வையாளர் வரிசையில் முன்னால் போய் உட்கார்ந்தாள். முதலாளி சாதாரண வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் மோதிரம் இல்லை. மோதிரம் இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. அந்தக் குழுவில் ஓர் உறுப்பினருக்குப் பத்து நிமிடம். கேள்வி, பதில் இரண்டும் அதற்குள் முடிந்தாக வேண்டும். மணி அடித்தால் அடுத்தவர் முறை.

அண்ணன் எழுந்தார். "உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று ஆரம்பித்தார். ஏழையின் கண்ணீர் பற்றிப் பேசினார். தான் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனது பற்றிப் பேசினார். அவருக்கு இரண்டு ஜோடி செருப்பு இருந்தது, ஒன்று தங்கையுடையதைப் பிடுங்கிக்கொண்டது. மேசையைத் தட்டினார், தண்ணீர் குடித்தார், மறுபடி தட்டினார். முதலாளி குனிந்த தலை நிமிரவில்லை. எவ்வளவு பணிவு! பெண் பார்க்க வந்த இடத்தில்கூட யாரும் அப்படிக் குனிந்திருக்க மாட்டார்கள்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கேளு அண்ணே, இப்போது கேளு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அண்ணன் விரலைத் தூக்கி, "இந்தச் சபை உன்னை மன்னிக்காது!" என்று முழங்கியபோது மணி அடித்தது. கூட்டம் கைதட்டியது. முதலாளி எழுந்து, வருந்துகிறேன் என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மற்ற உறுப்பினர்களும் ஆளுக்குக் கொஞ்சம் திட்டினார்கள். ஒருவர்கூட எதையும் கேட்கவில்லை. எல்லாம் சுபமாக முடிந்தது.

அவள் எழுந்தாள். நேரே அண்ணனின் அறைக்குப் போனாள். "ஏண்ணே கேக்கல?"

அண்ணன் சால்வையால் வேர்வையைத் துடைத்தார். "உனக்கு ஒண்ணும் புரியாது. திட்டு வாங்கத்தான் அவனுங்க வர்றானுங்க. கேள்வி கேப்பேன்னு தெரிஞ்சா எவன் வருவான்? வக்கீலை அனுப்பிட்டு வீட்ல படுத்துக்குவான். அப்புறம் நான் யாரைப் பார்த்து விரலை நீட்டறது?"

அதை அவர் கூச்சமே இல்லாமல் சொன்னார். தொழில் ரகசியத்தை வீட்டு மனுஷிக்குச் சொல்லிக்கொடுக்கிற பெருமைகூட முகத்தில் இருந்தது. இவரோடு ஒரே வயிற்றில் பிறந்தோமே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது கதவைத் தட்டிக்கொண்டு முதலாளியே உள்ளே வந்தார். மோதிரம் விரலுக்குத் திரும்பியிருந்தது. "பிரமாதம்! செருப்பு விஷயம் வந்தப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு" என்று சோபாவில் சாய்ந்தார். டீ வந்தது. மூலையில் நின்றவளைப் பார்த்து, "இது யாரு?" என்றார்.

"என் தங்கச்சி" என்றார் அண்ணன் அவசரமாக. யார் பெண்டாட்டி என்று சொல்லவில்லை.

அவள் டீ கோப்பையை எடுத்து முதலாளியிடம் நீட்டினாள். "ஐயா, பாய்லரை நிறுத்தாதேன்னு அன்னைக்குப் போன்ல சொன்னது யாருங்க?"

"நான்தாம்மா" என்றார் முதலாளி, கோப்பையை வாங்கிக்கொண்டே. "சரக்கு மறுநாள் கப்பல் ஏறணும். நிறுத்துனா ஒரு நாள் போயிடும். வெடிக்கும்னு எனக்கு ஜோசியமா தெரியும்?" ஒரு வாய் உறிஞ்சினார். "நல்லவேளை, அங்க யாரும் இதைக் கேக்கல. கேட்டிருந்தா உளறியிருப்பேன். உங்க அண்ணன்தான் திட்டித் திட்டியே காப்பாத்திட்டாரு."

அண்ணனின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் காதோரம் வந்து, அவள் இதுவரை கேட்டேயிராத மெல்லிய குரலில், "போய் கார்ல உக்காரு. வெளியில மூச்சு விடாத" என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். தாழ்வாரத்தில் நிருபர்கள் மைக்கோடு அண்ணனுக்காகக் காத்திருந்தார்கள்.

"இடிமுழக்கத்தோட தங்கச்சிதானே? அண்ணன் பேச்சு எப்படிம்மா?" என்றாள் ஒரு பெண் நிருபர்.

"நான் பாய்லர் ஆபரேட்டர் சம்சாரம்" என்றாள் அவள். "என் வீட்டுக்காரர் தூங்கல. பாய்லரை நிறுத்தாதேன்னு போன்ல சொன்னது தான்தான்னு முதலாளியே இப்பத்தான் சொன்னார். என் அண்ணனும் பக்கத்துலதான் நின்னாரு. ரெண்டு பேரும் உள்ளே டீ குடிக்கிறாங்க."

மைக்குகள் எல்லாம் அறைப் பக்கம் திரும்பின. அவளைப் பிடித்து இழுக்க வந்த அண்ணன் வாசலில் நின்றுவிட்டார்.

"சார், முதலாளி அப்படிச் சொன்னாரா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

அண்ணன் விரலைத் தூக்கினார். "இந்த நாட்டில் ஏழையின் கண்ணீருக்கு..."

"அது இருக்கட்டும் சார். நீங்க காதால கேட்டீங்களா, இல்லையா?"

அண்ணன் உதவிக்கு அறைப் பக்கம் திரும்பினார். அந்தக் கதவு அவர் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"சொல்லுண்ணே" என்றாள் தங்கை.