குடைக்கு இரண்டு வாசல்

வெளிநாட்டுக் குடைகள் மலிவாக வந்து குவிந்ததில் உள்ளூர்த் தொழிற்சாலை ஆட்டம் கண்டிருந்தது. அங்கே குடைக்கம்பியில் துணியை வைத்துத் தைக்கும் நாத்தனாரின் வேலை, இன்று நாடாளுமன்றத்தில் முடிவாகும் இறக்குமதி வரியை நம்பியே இருந்தது.

"பார்வையாளர் மாடத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன் அண்ணி. தூங்கிறாதீங்க," என்று காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

அண்ணி அங்கே ஆளுங்கட்சியின் புது உறுப்பினர்.

அந்த மன்றத்தில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. மணி அடித்ததும் எழுந்து நடக்க வேண்டும். 'ஆம்' என்றால் வலது வாசல், 'இல்லை' என்றால் இடது. வாசலில் நிற்பவர் தலையை எண்ணுவார். மணி ஓய்ந்ததும் கதவு சாத்தப்படும். அதாவது, கால்தான் ஓட்டு.

மணி அடித்தபோது அண்ணி உணவகத்தில் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடியவர், வரிதானே வேண்டும் என்று 'ஆம்' வாசலில் நுழைந்து, எண்ணப்பட்டும் விட்டார்.

உள்ளே எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "வாங்கம்மா, வாங்க! குடைய வரிப்பட்டியல்லேருந்து தூக்க நீங்களும் சம்மதிச்சிட்டீங்களா?"

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆளுங்கட்சி கொண்டுவந்த வரி மசோதாவுக்கு முன்னால் அதன் திருத்தங்களுக்குத்தான் ஓட்டு எடுப்பார்கள். குடையைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லும் திருத்தம் இது. இதற்கு 'ஆம்' என்றால் குடைக்கு வரி கிடையாது! மலிவுக் குடையை விரும்பும் ஆளுங்கட்சிக்காரர் சிலரும் அங்கே நின்றதால் நிலைமை இழுபறி.

வெளியே பாய்ந்து வந்தவரைக் கட்சிக் கொறடா மறித்தார்.

"எண்ணினது எண்ணினதுதாம்மா, அழிக்க முடியாது. அந்த வாசல்லயும் போய் எண்ணிக்கிட்டீங்கன்னா ஒண்ணுக்கு ஒண்ணு கழிஞ்சிரும். விதியில இடமிருக்கு. ஓடுங்க!"

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அண்ணி ஓடினார். மணி ஓய்ந்தது. அவர் 'இல்லை' வாசலுக்குள் விழுந்து, அங்கேயும் எண்ணப்பட்டார். கதவிடுக்கில் கைப்பை மாட்டிக்கொண்டது.

இரு பக்கமும் சமம். அப்படியானால் மன்றத் தலைவர் ஓட்டுப் போட வேண்டும். சமமானால் மசோதாவை இருக்கிறபடியே விட்டுவிடுவது தலைவர்களின் வழக்கம். அவர் 'இல்லை' என்றார். குடை பட்டியலிலேயே தங்கியது. சற்று நேரத்தில் மசோதாவும் சிக்கலின்றி நிறைவேறியது.

மன்றத்துக்கு வெளியே நாத்தனார் காத்திருந்தாள்.

"ஏன் அண்ணி, அந்தக் கதவுல போனீங்க, வெளிய வந்தீங்க, செருப்பைத் தூக்கிட்டு இந்தக் கதவுக்கு ஓடினீங்க. எதையாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

"உன் வேலையத்தான்டி."

"ஐயையோ! கிடைச்சுதா?"

"கிடைச்சிருச்சு. என் தேநீர்தான் ஆறிப்போச்சு. வா, நீதான் வாங்கித் தரணும்."