தபசுகாலத்து மலை

யாழ்ப்பாணத்தில் மலை இல்லை என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கீரிமலை என்று ஓர் இடம் உண்டு. அங்கே போனால் கடலில் குளித்துவிட்டு வரலாம். இந்த விபரம் மலைச் சைக்கிள் ஓட்டத்தை நடத்துகிற சம்மேளனத்துக்கு மட்டும் எப்படியோ எட்டவில்லை. அட்டன் பக்கத்து மலைகளில், காட்டுக்குள் புகுந்து நீர்த்தேக்கத்தைச் சுற்றி வரும் பெரிய போட்டிக்கு மாவட்டத்துக்கு ஒரு பெண்ணை அனுப்பலாம் என்றார்கள். ஆனால் அவளை அவளுடைய மாவட்டத்திலேயே, மலையும் காடும் நீர்த்தேக்கமும் உள்ள பாதையில் ஓடவிட்டுத்தான் தெரிவுசெய்ய வேண்டுமாம்.

குருநகர் ஸ்ரெல்லாவுக்கு இந்த விதி நெஞ்சில் முள். நண்டுக் கொம்பனியில் நண்டு உடைக்கிற வேலை அவளுக்கு. நோர்வேயிலிருந்து அண்ணை அனுப்பிய கியர்ச் சைக்கிளில் ஒரு கியரைத்தான் அவள் பாவித்திருக்கிறாள், மற்றவற்றுக்கு இந்தத் தரையில் வேலை இல்லை. மலையைக் கலண்டரில் பார்த்ததோடு சரி. அதில் ஒரு தரமாவது சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்ற ஆசையை வெளியில் சொன்னால் ஊர் சிரிக்கும் என்று பயந்துகொண்டிருந்தாள். ஒருநாள் சொன்னாள், ஊர் சிரித்தது, அந்தப் பயம் அதோடு தீர்ந்தது. தீராதது வயசுதான். முப்பதுக்கு மேல் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். ஆவணி வந்தால் அவளுக்கு முப்பது முடிகிறது.

"உங்க பக்கம் மலை இருந்தா சொல்லுங்க, ஆள் அனுப்புறோம்" என்று சம்மேளனத்துக்காரர் போனில் சொன்னபோது அவள் கோயில் மதிலோரம் நின்றாள். மதிலுக்கு அப்பால் கல்வாரி மலை எழும்பிக்கொண்டிருந்தது.

"இருக்கு" என்றாள் ஸ்ரெல்லா.

பொய் என்று சொல்ல முடியாது. பங்கில் ஆண்டவரின் திருப்பாடுகளின் நாடகம் போடுகிற வருடங்களில், தபசுகால நோன்பு நாட்களில், கோயில் வளவில் ஒரு மலை வருவது வழக்கம். பனங்குற்றி நட்டு, பலகை அடித்து, சாக்கைச் சீமெந்துக் கரைசலில் தோய்த்துப் போர்த்து, கறுப்பும் மண்ணிறமும் பூசுவார்கள். இரண்டு மாடி உயரம். ஆண்டவர் சிலுவை சுமந்து ஏறுவதற்காக அகலமான பாதை, சிலுவைப் பாதையின் பதினாலு நிலையும் வைத்து, வளைந்து வளைந்து மேலே போகும். மூப்பர் சந்தியோகுதான் அதன் சிற்பி. கோயில் மணியடிப்பது முதல் செபம் சொல்லிக்கொடுப்பது வரை அவர் பொறுப்புத்தான், என்றாலும் அவருடைய உயிர் அந்த மலையில்தான் இருந்தது.

"மலையைக் கேக்கிறியோ?" என்றார் மூப்பர். "சைக்கிள் விடவோ?"

"ஒரு நாளைக்குத்தான் மூப்பர். உங்கடை மலை இல்லாட்டி எனக்கு வேறை மலை இல்லை."

தன் மலையை ஒருத்தி மலை என்றே மதித்துக் கேட்பது அவருக்கு இனித்திருக்க வேண்டும்.

"தாறன். ஆனா உது கல்வாரி. ஏறுறவை பதினாலு நிலையிலையும் முழந்தாளிலை இருந்து செபம் சொல்லிப்போட்டுத்தான் மேலை போகவேணும். அவசரக்காரர் ஏறுற மலை இல்லை உது."

காடும் நீர்த்தேக்கமும் அவ்வளவு கரைச்சல் தரவில்லை. அரியாலையில் ஆள் புகமுடியாத இளம்பனை வடலிக் கூடல் ஒன்று இருந்தது, அது காடு. வரும் வழியில் நாலு தூணில் நிற்கிற பெரிய தண்ணீர்த் தாங்கி ஒன்று, அது நீர்த்தேக்கம். தேக்கம் ஆகாயத்தில் இருக்கக்கூடாது என்று விதியில் இல்லை.

பரிசோதிக்க வந்தவர் முத்துராஜா. அட்டன்காரர், காலை ரயிலில் கம்பளிச் சட்டையோடு வந்து இறங்கி, அதைக் கழற்றக் கூச்சப்பட்டு வேர்த்துக்கொண்டிருந்தார். வடலிக்குள் ஒரு தரம் புகுந்து முள்ளுக் கருக்கில் கையைக் கிழித்துக்கொண்டு, காடுதான் என்று ஒத்துக்கொண்டார். தாங்கியை அண்ணாந்து பார்த்தபோது அது ஒழுகி ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது, அதையும் ஒத்துக்கொண்டார். மலைக்கு முன்னால் வந்ததும்தான் ஒத்துக்கொள்ளத் தயங்கினார். கிட்டப் போய் விரலால் தட்டினார். பெட்டி தட்டினாற்போலச் சத்தம் வந்தது.

"இது எப்ப வந்திச்சிங்க?"

"தபசுகாலத்துக்கு வந்தது" என்றார் மூப்பர். "உயிர்த்த ஞாயிறு முடியப் போயிடும்."

முத்துராஜா இன்னொரு தரம் தட்டிப் பார்த்தார்.

"எங்க மலையுந்தான் மழை பேஞ்சா போயிருது" என்றார். "வீட்டோட போயிருது. சரிங்க, ஓட்டத்தை ஆரம்பிங்க."

ஓடியவர்கள் இரண்டே பேர். சண்டிலிப்பாயிலிருந்து வருவதாகச் சொன்ன பெண் மலைக்கு ஏறுகிறேன் என்றதும் அவளுடைய தாய் பயந்து சைக்கிளைப் பூட்டிவிட்டாள். ஸ்ரெல்லாவுக்கு எதிராக நின்றவள் கோப்பாய் வித்தியா, கணக்கு ரீச்சர், காலிலே பலம் உள்ளவள். வடலிக்குள் இரண்டு பேரும் சமமாகக் கிழிபட்டார்கள். தாங்கியைச் சுற்றி வரும்போது ஸ்ரெல்லா முந்தினாள். கோயில் வளவுக்குள் திரும்பியபோது அவள் நல்ல தூரம் முன்னால் இருந்தாள், அட்டன் தன் கைக்குள் வந்துவிட்டது என்றே நினைத்தாள்.

ஆனால் நிலைக்கு நிலை சிசிலியா மாமி தன் பெண்கள் கூட்டத்தோடு காத்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப் பாதை சொல்கிற கூட்டம் அது. சைக்கிள் ஓட்டம் என்று தெரிந்துதான் வந்திருந்தார்கள். அதற்காகச் செபத்தைச் சுருக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்ரெல்லா முழந்தாளில் விழுந்து கடகடவென்று சொல்லிவிட்டு எழும்பினாள். மாமி தோளைப் பிடித்து இருத்தினார்.

"ஆறுதலாச் சொல்லு பிள்ளை. ஆண்டவருக்குக் காது கேக்கும், எங்களுக்கு விளங்கவேணுமே."

பின்னால் வந்த வித்தியா சைவப் பிள்ளை, அவளுக்குச் செபம் தெரியாது. அவள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கைகளைத் தலைக்கு மேல் குவித்து, நல்லூரானைக் கும்பிடுவதுபோல உருக்கமாக ஒரு கும்பிடு போட்டாள்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரியாதுதானே, பாவம். விடுங்கோ, போகட்டும்" என்றார் மாமி.

இப்படித்தான் தெரியாதவள் கும்பிட்டுக் கும்பிட்டு ஏற, பூசை தவறாத ஸ்ரெல்லா ஒவ்வொரு நிலையிலும் முழுச் செபத்தையும் ஆறுதலாகச் சொல்லிக்கொண்டு கிடந்தாள். சொல்வதை ஒன்றும் அவள் நினைக்கவில்லை. வித்தியாவின் பின்சில்லைத்தான் நினைத்தாள். பிறந்ததிலிருந்து கோயிலை நம்பியவளுக்குக் கோயில் செய்கிற உபகாரம் இதுவா என்று அழுகை முட்டியது.

இதற்குள் முத்துராஜாவை முடிவுக் கோட்டுக்கு அழைத்துப் போனார்கள். மூப்பர் அந்தக் கோட்டை மலைக்குப் பின்னால் போட்டிருந்தார். அங்கேதான் நிழல், பெரிய மனுசருக்குக் கதிரை வைக்க வசதி. அங்கே ஸ்ரெல்லாவின் தாய்மாமன் கனிசியஸ் தன் கடல்தொழில் ஆட்களோடு இருந்து புது மீன்வலை பின்னிக்கொண்டிருந்தார். முத்துராஜா அப்போதுதான் மலையின் பின்பக்கத்தைப் பார்த்தார். கதிரையில் இருக்கப் போனவர் இருக்காமல் நின்றுவிட்டார்.

பின்பக்கம் இல்லை. பனங்குற்றியும் குறுக்குச் சட்டமும், உச்சியில் ஒரு பலகையும்தான். நாடகம் பார்க்கிற சனம் முன்னாலே இருக்கும், பின்னாலே யாருக்காக மலை? பின்பக்கம் இல்லை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அது ஒரு குறை என்றுதான் ஒருவருக்கும் தெரியாது. தட்டைத் தரையில் பிறந்து தட்டைத் தரையில் சாகிற எங்களுக்கு மலை என்றால் ஏறுவது. இறங்குவதைப் பற்றி யார் கண்டது?

உச்சியில் வித்தியா பிரேக்கை இறுக்கிக்கொண்டு நின்றாள். முன்சில்லு பலகையின் விளிம்பில் நின்றது.

"மூப்பர், இறங்கிற பாதை எங்கை?" என்று கேட்டாள்.

மூப்பர் கீழேயிருந்து அண்ணாந்து, உண்மையாகவே திகைத்துப்போய்ச் சொன்னார்: "கல்வாரிக்கு ஏறினவர் இறங்கி வரேல்லைப் பிள்ளை. ஏணி வைச்சு இறக்கினவை."

"ஏறுனா எறங்கணுங்க" என்றார் முத்துராஜா. "சைக்கிளோட கோட்டைத் தாண்டணும். எறங்காட்டி ஓட்டமே இல்ல."

ஏணி வந்தது. நாடகத்து ஏணி, ஒன்றே ஒன்று. கணக்கு ரீச்சர் கணக்காகச் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு படி படியாக இறங்கத் தொடங்கினாள். அவள் பாதி வழியில் இருக்கும்போது ஸ்ரெல்லா கடைசிச் செபத்தை முடித்துக்கொண்டு உச்சிக்கு வந்தாள். ஏணியில் ஆள். கீழே கோடு. அதற்கு அப்பால் அட்டன்.

"மாமா" என்றாள்.

கனிசியஸ் மேலே பார்த்தார். மருமகளின் முகத்தில் என்ன கண்டாரோ, ஆட்களைப் பார்த்துக் கை காட்டினார். பின்னிய வலையை எட்டுப்பேர் விரித்துப் பிடித்தார்கள்.

"புது வலை பிள்ளை. பாத்து விழு."

வாழ்க்கையில் அவள் இவ்வளவு பயந்ததில்லை. திரும்பிப் போனால் பதினாலு நிலையிலும் மாமிமார். ஆவணி வந்தால் முப்பது. கண்ணை மூடாமல் மிதித்தாள்.

விழுந்தாள், சைக்கிளோடு, தலைகீழாக. வலை தாங்கியது. அதோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் வலைக்குள் பாரம் விழுந்தால் அந்தக் கைகள் சும்மா இருக்குமா? ஒருவரும் சொல்லாமல் எட்டுப்பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஸ்ரெல்லா சைக்கிளோடு ஒரே பொட்டலமாகப் புழுதியில் உருண்டு கோட்டைத் தாண்டிப் போய் நின்றாள். வித்தியாவின் கால் அப்போதுதான் தரையில் பட்டது.

வளவு முழுக்கச் சிரிப்பு. வலைக்குள் கிடந்த ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னை இழுத்தவை" என்றாள். "நான் ஓடித் தாண்டேல்லை. உதைக் கணக்கிலை எடுக்காதேங்கோ."

முத்துராஜா வித்தியாவைப் பார்த்தார்.

"நானும் ஓடேல்லை" என்றாள் அவள். "சைக்கிளை நான் எல்லோ சுமந்தனான்."

முத்துராஜா குந்தியிருந்து வலைக் கண்ணுக்குள்ளால் பார்த்தார். "எங்க பக்கம் ஏறுறதுக்கு நெறைய ஆளு இருக்காங்க தங்கச்சி. எறங்கயிலதான் பாதிப் பேரு நின்னுருவாங்க. ஒனக்குப் பயமா இல்லியா?"

"சரியான பயம்."

"அங்க வலை பிடிக்க ஆளு இருக்கமாட்டாங்க."

"தெரியும். வாறன்."

அவர் எழும்பி, கம்பளிச் சட்டையைக் கடைசியில் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாண மாவட்டத்துக்கு ஸ்ரெல்லா என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். சொன்னதும் அவளுக்கு அழுகை பீறிட்டது. கை இரண்டும் கியர்க் கம்பியோடு வலையில் சிக்கிக்கிடந்தன, கண்ணைத் துடைக்க வழியில்லை. ஒருவன் கத்தியை எடுத்தான். கனிசியஸ் தட்டிவிட்டார், புது வலை. அவர் முடிச்சு முடிச்சாக அவிழ்க்கத் தொடங்கினார்.

வித்தியா சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து புழுதியில் இருந்தாள். வலைக் கண்ணுக்குள்ளால் இரண்டு விரலை விட்டு ஸ்ரெல்லாவின் முகத்தைத் துடைத்தாள். பிறகு தன் முகத்தையும் அதே விரலால் துடைத்துக்கொண்டாள்.