மூன்று கோட் வெள்ளிப் பெயின்ட்

பழைய கார் சங்கத்தின் தலைவருக்கு உலகத்திலேயே பிடிக்காத சொல் 'மாற்றுவது'. தன் காரில் கம்பெனி முடுக்கியதைத் தவிர ஒரு திருகாணிகூடக் கிடையாது என்பார். கேட்காதவர்களிடமும் சொல்வார். போன ஆண்டு ஊர்வலத்தில், பக்கக் கண்ணாடி புதிது என்ற ஒரே குற்றத்துக்காகப் பல் டாக்டரின் காரை வரிசையை விட்டே விரட்டினார். தலைவரின் கடைவாய்ப் பற்கள் இரண்டை மாற்றிக் கட்டியவரே அந்த டாக்டர்தான் என்பதை அப்போது யாரும் நினைவூட்டவில்லை.

விடிந்தால் இந்த ஆண்டு ஊர்வலம். விளக்கு இரண்டும் எரிய, தலைவரின் கார்தான் முதலில் போகவேண்டும். காரோ, விளக்கைப் போட்ட கால் மணி நேரத்தில் பேட்டரி இறங்கி, நட்டநடுத் தெருவில் படுத்துவிடுகிறது.

வண்டி எலக்ட்ரிக் வேலை பார்க்கும் மின்னலக்காவைக் கார் கொட்டகைக்குக் கூப்பிட்டார்கள். அவர் என்ஜினை ஓடவிட்டு, பேட்டரியில் மீட்டரை வைத்தார். விளக்கைப் போட்டதும் முள் பொத்தென்று விழுந்தது.

"பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டருக்குத் தெம்பு பத்தல சார். பெருசா ஒண்ணு போட்டுடலாம்."

"என்னம்மா பேசற? கம்பெனியிலேருந்து வந்தது இது! இதோட சத்தத்தைப் பத்தி மட்டும் சங்கத்துல முக்கால் மணி நேரம் பேசியிருக்கேன்."

"பேசினா சார்ஜ் ஏறாதே சார். சரி, இது என்ன அளவுன்னாவது பாக்கணும். அளவு எழுதின தகடு எங்க?"

தகட்டைக் காணோம். என்ஜின் பளபளக்க வேண்டுமென்று தலைவர் தம் திருக்கரத்தாலேயே எல்லாவற்றின்மீதும் மூன்று கோட் வெள்ளிப் பெயின்ட் பூசியிருந்தார். மின்னலக்கா தின்னரில் நனைத்த துணியால் தேய்க்கத் தேய்க்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

"பன்னெண்டு வோல்ட்... இருபத்தெட்டு ஆம்பியர்..." குனிந்து மறுபடி படித்தார். "சார், இது டிராக்டருக்கு வர்றது."

தலைவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் டிராக்டர் என்றே இருந்தது.

சத்தம் கேட்டு அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "ஓ, அதுவா? நீங்க ஆறு மாசம் வெளியூர்ல இருந்தப்ப வண்டி நின்னுபோச்சுங்க. எங்க அண்ணன்தான் அவரோட டிராக்டர்லேருந்து கழட்டி மாட்டினாரு. ஆச்சு, பன்னெண்டு வருஷம்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க அதோட சத்தத்தைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

மின்னலக்கா சிரிப்பை அடக்க முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தலைவர் போய்க் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் ரொம்பவே இறங்கியிருந்தது.

"பெருசுன்னா... எவ்வளவு பெருசு?"

"அறுபத்தஞ்சு ஆம்பியர். இதே துளையில உக்காரும், இதே பெல்ட்டுல ஓடும். பேட்டரிக்குப் போற வயரை மட்டும் தடிமனாப் போடணும், இல்லன்னா சூடாகி உருகிடும்."

"மாத்திடு" என்றார் தலைவர். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. "ஆனா வெளிய தெரியக் கூடாது."

"என் வாயிலேருந்து வராதுங்க" என்றார் மனைவி. "பல் டாக்டர் கார் மட்டும் நாளைக்கு உங்களுக்கு அடுத்தாப்புல வரணும்."

மறுநாள் காலை தலைவரின் கார் கண் கூச முன்னால் போனது. பின்னாலேயே பல் டாக்டர், புதுக் கண்ணாடியில் முகம் பார்த்தபடி.

"என்ன தலைவரே, விளக்கு இந்தப் போடு போடுது!" என்று தெருவிலிருந்து ஒருவர் கத்தினார்.

"எல்லாம் ஒரிஜினல்!" என்று தலைவர் வாய் கொள்ளாமல் சிரித்தார். கட்டிய பல் இரண்டும் பளிச்சென்று தெரிந்தன.