கனமில்லாத மூட்டை

என் மச்சான் டெல்பர்ட் திருடன் என்று அறுவடைக் குழுவில் முதலில் கையைத் தூக்கியவன் நான்தான். ஏரியை அறுவடைக்குத் திறக்க ஒரு வாரம் இருக்கும்போது, அவன் தனியாகத் தோணியோடு மேற்குக் கோடியில், ஏரித் தண்ணீரில் தானாக விளையும் காட்டு நெல்லுக்குள் நின்றதைப் பார்த்தவனும் நான்தான். குழு நாள் குறிக்கும்வரை ஏரிக்குள் யாரும் போகக் கூடாது. மணி முற்றுமுன் தட்டினால் கதிர் பாழ்.

பத்தொன்பது வருடமாக அறுவடைக்கு நானும் அவனும் ஒரே தோணியில்தான் போவோம். நான் நின்று கழி ஊன்றுவேன்; அவன் உட்கார்ந்து, இரண்டு குச்சிகளால் கதிரை வளைத்துத் தட்டுவான். அப்படிப்பட்டவன் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறான் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

கூட்டத்தில் அவன் அதிகம் பேசவில்லை. "நான் தட்டல. செடியைப் பிடுங்கிப் பாத்தேன். வேர் சரியில்ல. இந்த வருஷம் ஏரி பூரா பதர்தான்."

"மணியெல்லாம் உன் வீட்டுல இருந்தா, இங்க பதர்தானே இருக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மச்சான் கேலி செய்தால் கோபித்துக்கொள்வது எங்களிடம் கிடையாது. இது கேலி இல்லை என்று புரிந்தபோது அவன் முகம் செத்துவிட்டது. மூன்று வருடத்துக்கு அவனுடைய அறுவடை அனுமதிச் சீட்டைப் பறித்தோம்.

ஏரி திறந்த அன்று அவன் இடத்தில் என் மனைவி லவோன் உட்கார்ந்தாள். அவனுடைய தங்கை. ஒரு வாரமாக என்னோடு பேச்சில்லை. வழக்கம்போல் ஏரிக்குக் காணிக்கையாகப் புகையிலையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "எங்க அண்ணனுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன். உங்களுக்கு வேண்டல" என்றாள்.

நெல் தலைக்கு மேல் நின்றது. தண்ணீர் அத்தனை தெளிவு. அவள் தட்டத் தட்ட சடசடவென்று விழுந்து, மதியத்துக்குள் தோணி நிறைந்துவிட்டது. எனக்கு ஒரே குஷி.

"பதர்னானே உங்க அண்ணன், பாத்தியா?"

அவள் குச்சியை மடியில் வைத்தாள். "தோணி ஏன் இறங்கவே இல்ல?"

குனிந்து பார்த்தேன். வழக்கமாக நிறைந்த தோணியின் விளிம்பு தண்ணீருக்கு நாலு விரல்தான் மேலே இருக்கும். இது காலையில் நாங்கள் ஏறி உட்கார்ந்தபோது இருந்த உயரத்திலேயே நின்றது.

கரையில் மூட்டை கட்டினோம். லவோன் ஒரு மூட்டையை ஒற்றைக் கையால் தூக்கி என் மேல் போட்டாள். தலையணை மாதிரி இருந்தது. அவிழ்த்து ஒரு பிடி எடுத்து நசுக்கினேன். உமி. இன்னொரு பிடி. அதுவும் உமி. பக்கத்தில் கரையேறியவர்களும் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவிழ்க்க ஆரம்பித்தார்கள்.

தண்ணீரில் இறங்கி ஒரு செடியைப் பிடுங்கினேன். வெள்ளையாக, கொஞ்சம் துரு நிறத்தோடு இருக்க வேண்டிய வேர், கரி பூசினாற்போல் கறுத்திருந்தது. சேற்றிலிருந்து அழுகின முட்டை நாற்றம் வந்தது.

அந்த வேரோடு டெல்பர்ட் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"மூட்டை ரொம்ப கனமோ, மச்சான்?"

வேரை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"ஏரிக்கு மேல இருக்கிற இரும்புச் சுரங்கத்துலேர்ந்து வர்ற தண்ணி. அதுல சல்பேட்டு இருக்கு. கண்ணுக்குத் தெரியாது. சேத்துக்குள்ள போனா விஷமா மாறி வேரைக் கெடுக்குது. செடி நிக்கும், பூக்கும். மணி பால் பிடிக்காது. மூணு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். முதல்ல ஒரு ஓரம், போன வருஷம் மேற்குக் கோடி பூரா."

"ஏன்டா முன்னாடியே சொல்லல?"

"நிச்சயமாத் தெரிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். தெரிஞ்சப்போ உங்க கூட்டத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்."

வெட்கத்தில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "சீட்டை நாளைக்கே வாங்கித் தரேன்."

"எதுக்கு, பதர் தட்டவா?" கேலியாகத்தான் கேட்டான். பிறகு கோப்பையைக் கீழே வைத்தான். "நெசத்தைச் சொல்லு. நான் திருடனாவே இருந்திருக்கலாம்னு இப்ப உனக்குத் தோணுது இல்ல?"

தோன்றியது. திருடன் என்றால் அவன் ஒருவனைத் தடுத்தால் போதும். அடுத்த வருடம் ஏரியில் நெல் இருக்கும்.