இரண்டாவது கிளிப்

கயிற்றைச் சுருட்டியது நான்தான். முப்பது மீட்டர் ஆழம். குளிரில் விரல்கள் மரத்துவிட்டன, சிலிண்டரில் காற்று தீரும் நிலையில் இருந்தது. மூழ்கிக் கிடக்கும் அந்தப் பழைய நிலக்கரிக் கப்பலுக்குள் நுழையும்போது, இருட்டில் திரும்பும் வழி தெரிய வாசலிலிருந்து உள்ளே கயிற்றைக் கட்டி, ஆளுக்கொரு துணிக் கிளிப்பை அதில் மாட்டிவிட்டுப் போவோம். வெளியே வருகிறவன் தன் கிளிப்பை எடுத்துக்கொள்வான். கிளிப் இருந்தால் ஆள் உள்ளே. எங்கள் லோத்தா கரையில் இது குழந்தைக்கும் தெரியும்.

என்னோடு இறங்கிய நிபால்தோவின் மஞ்சள் கிளிப் இருந்தது. போன மாதம் இரண்டு முறை அதை மறந்துவிட்டுப் பின்பக்க ஓட்டை வழியாக வெளியேறியவன் அவன். இரண்டு முறையும் நான் தேடிவிட்டு மேலே வந்தபோது படகில் உட்கார்ந்து சிரித்தான். "எனக்காகக் காத்துக் கிடந்தியாடா, பொண்டாட்டி மாதிரி?" இந்த முறை ஏமாறக் கூடாது என்று நினைத்தேன். இரண்டு கிளிப்பையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

படகில் அவன் இல்லை. திரும்ப இறங்க என்னிடம் காற்றும் இல்லை.

மறுநாள் மதியம் கடற்படை ஆட்கள் அவனைத் தூக்கிவந்து இறங்குதுறைப் பலகைமேல் கிடத்தினார்கள். முங்குவோர் சங்கத் தலைவர் தொன் எலியோதோரோ தொப்பியைக் கழற்றினார்.

"உள்ள கயிறே இல்லியாம். இத்தன வருஷம் முங்கினவன். கொழுப்பு, வேறென்ன."

யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

நிபால்தோவின் மனைவி எர்சிலியா என்னிடம் வந்தாள். அழவில்லை.

"நீ சொல்லு. அப்பன் எப்படிச் செத்தான்னு எம்புள்ள நாளைக்குக் கேப்பான். இந்த மனுஷன் கயிறு கட்டினானா, இல்லியா?"

மீன்தூள் ஆலையில் நானும் அவனும் ஒரே இரவு ஷிப்ட். இவள் கட்டிக்கொடுத்த ரொட்டியில் எட்டு வருடமாகப் பாதி நான் தின்றது. வாயைத் திறந்தபோது சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

"கட்டல. வேணாம்னு சொன்னேன், கேக்கல. நான் வெளியவே நின்னுட்டேன்."

ஒரு பொய் போதும். மூன்று வந்தது.

"முட்டாப்பய," என்று அவனைப் பார்த்துச் சொன்னாள். பிறகு மண்டியிட்டு அவன் கையுறையைப் பிடித்து இழுத்தாள். ஈர ரப்பர் லேசில் வரவில்லை. விரல் நுனிகளில் அது தேய்ந்து ஓட்டையாகியிருந்தது. உள்ளே நகங்கள் பிய்ந்து, சதைக்குள் இரும்புத் துரு.

"எவ்வளவு நேரம் தடவியிருக்கான்?" என்றாள்.

பாவாடை நுனியில் எச்சில் தொட்டு, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். துரு போகவில்லை. அவள் நிறுத்தவுமில்லை.