பதின்மூன்று தடவை சேர்ந்தவள்

பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை இளவரசி எங்கள் வார்டில் புதிதாக வேலைக்குச் சேருவாள்.

மேற்கு டெல்லியில் இருக்கும் எங்கள் தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர்களுக்கு ஒப்பந்தம் பதினோரு மாதம்தான். அது முடிந்ததும் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு ஒருநாள் வீட்டில் உட்காரச் சொல்வார்கள். அதற்குப் பெயர் பிரேக். மறுநாள் புது அட்டை, புது நம்பர், சேர்ந்த தேதியும் புதிது. ஒரே நாளில் ஆள் என்ன மாறிவிடுவாள் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. இருபத்தாறு வருஷமாக நர்ஸ், அதில் பதினைந்து வருஷம் பக்கவாத வார்டுக்குப் பொறுப்பு சிஸ்டர். கேட்டிருக்க வேண்டியவள் நான்தான்.

இளவரசி அதையும் ஒரு விளையாட்டாக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு புது அட்டைக்கும் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் வாங்கிவந்து வார்டு முழுக்கக் கொடுப்பாள். "புதுசா சேந்திருக்கேன் ஜோஸ்லின் சிஸ்டர், எடுத்துக்குங்க" என்று என்னிடம்தான் முதலில் நீட்டுவாள். நானும் "உன் பேரென்னட்டி? எந்த ஊரு?" என்று விசாரித்துச் சிரிப்பேன். இப்போது நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பக்கவாதம் வந்தவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகில் புண் வந்துவிடும். பலர் மூட்டையைப் புரட்டுவது போலப் புரட்டிவிட்டுப் போவார்கள். இளவரசி முதலில் நோயாளியின் காதருகே குனிவாள். "பாபுஜி, அந்தப் பக்கம் ஜன்னல்ல புறா வந்திருக்கு, பாக்கலாமா?" என்று இந்தியில் கேட்பாள். அவர் கண் அங்கே போகும், பிறகு முகம், பிறகு தோள். அவள் கை பின்னாலேயே போகும், அவ்வளவுதான். டெல்லியில் ஏசி பெட்டி மேல் புறாவுக்கா பஞ்சம்? இல்லாத நாளில், "அடடா, இப்பத்தான் பறந்துபோச்சு" என்பாள். அவரும் அதற்குள் திரும்பியிருப்பார். புதிதாக வரும் நர்ஸ் பெண்களை அவள் பக்கத்தில்தான் நிறுத்துவேன். அவர்கள் அவளிடம் கற்றுக்கொண்டு நல்ல சம்பளத்துக்குப் போனார்கள். இவள் எல்லோருக்கும் "ஆயா"வாகவே இருந்தாள்.

பிரேக் நாளிலும் அவள் இல்லாமல் எனக்கு ஓடாது. காலையிலேயே போன் போடுவேன். "ஏட்டி, ஒரு நாளுதான, வந்துட்டுப் போயேன். எட்டாம் கட்டில் தாத்தா வேற யாரு தொட்டாலும் கத்துதாரு." வந்துவிடுவாள். அட்டை இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள் என்பதால், நோயாளியின் சொந்தக்காரர் என்று ஒரு விசிட்டர் பாஸ் எழுதிக் கீழே அனுப்புவேன். நாள் முழுக்க உழைத்துவிட்டுப் போவாள். சம்பளம் கிடையாது. பதிலுக்கு நான் கிறிஸ்துமஸ் கேக் கொடுப்பேன், பழைய ஸ்வெட்டர் கொடுப்பேன். என்னை ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படியே பன்னிரண்டு பிரேக் போனது.

இந்த வருஷம் மார்ச்சில் நோட்டீஸ் போர்டில் ஒரு அறிவிப்பு வந்தது. வார்டு உதவியாளர்களுக்கு நர்சிங் உதவியாளர் பயிற்சி. ஒரு வருஷம், முழுச் சம்பளத்தோடு. முடித்தால் நிரந்தர வேலை. பிளஸ் டூ படித்திருக்க வேண்டும், நாற்பது வயதுக்குள் இருக்க வேண்டும், தொடர்ந்து ஐந்து வருஷ சர்வீஸ் வேண்டும். இளவரசி விழுப்புரத்தில் பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கியவள். நர்சிங் படிக்கத்தான் ஆசை. அதற்குள் கல்யாணம் செய்து டெல்லிக்கு அனுப்பிவிட்டார்கள். வருகிற ஜூலையில் அவளுக்கு நாற்பது முடிகிறது. அடுத்த தடவை என்று ஒன்று அவளுக்கு இல்லை. விண்ணப்பத்தை நான்தான் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தேன். ஒருநாள் பிரேக்கை வைத்துச் சர்வீஸை வெட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நான்காம் நாள் அது திரும்பி வந்தது. சர்வீஸ் என்ற கட்டத்தில் சிவப்பு மையில் "ஏழு மாதம்" என்று எழுதியிருந்தது.

"நான் வந்து ஏழு மாசந்தான் ஆவுதாம் சிஸ்டர்" என்றாள். எப்போதும் போல வேடிக்கையாகச் சொல்லப் பார்த்தாள். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

எனக்குக் கோபம் வந்தால் வார்டே கேட்கும். அங்கேயே நின்று ஹெச்.ஆர். மேனேஜர் ரங்கராஜனுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அவர் லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்த டெல்லித் தமிழர். குரலை உயர்த்தவே மாட்டார். "மேடம், ரூல் அப்படி. பிரேக் அன்னிக்கும் அவா வேலை பார்த்திருந்தா அது பிரேக்கே இல்லை, சர்வீஸ் தொடர்ச்சிதான். ஆனா அதுக்கு ப்ரூஃப் வேணுமே? வெள்ளிக்கிழமை கடைசி நாள்" என்றார்.

போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆதாரம் இருந்தது. ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு சார்ட் உண்டு. எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டியது, யார் புரட்டியது என்று கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்ட் மாறும்போது எழுதுகிற நோட்டில், அன்றைக்கு யார் யார் வேலை பார்த்தார்கள் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். விசிட்டர் பாஸின் அடிக்கட்டையிலும் என் கையெழுத்துதான். எல்லாம் கீழ்த்தளத்தில் ரெக்கார்டு ரூமில் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு போனால், அட்டை இல்லாத ஒருத்தியைப் பொய்ப் பாஸில் உள்ளே வரவழைத்து, சம்பளமில்லாமல் நோயாளிகளைத் தொடவைத்தது ஜோஸ்லின் சிஸ்டர் என்று நானே எழுதிக் கொடுத்த மாதிரி. எனக்கு ஓய்வுபெற இன்னும் எட்டு மாதம் இருந்தது.

ஜனக்புரி வீட்டில் என் கணவர் தானியேலிடம் சொன்னேன். "எட்டு மாசம் வாயத் தொறக்காம இரி. அந்தப் புள்ளைக்கு வேற எங்கயாவது பாத்துக்கிடலாம்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் கேட்க விரும்பியதைத்தான் அவர் சொன்னார்.

செவ்வாய் போனது, புதன் போனது. நான் எதுவும் செய்யவில்லை. ரெக்கார்டு ரூம் வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். எனக்கே என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஆறாம் கட்டிலில் இளவரசியோடு சேர்ந்து ஒரு அம்மாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். புறாவைக் காட்டி அந்த அம்மாளைத் திருப்பிவிட்டு, முதுகுக்குத் தலையணை வைத்தபடியே இளவரசி மெதுவாகச் சொன்னாள். "சிஸ்டர், அந்த நோட்டெல்லாம் எடுக்கப் போவாதீங்க."

தெரியாதவள் மாதிரிக் கேட்டேன். "எந்த நோட்டு?"

"நீங்க ரங்கராஜன் சார்கிட்ட போன்ல பேசுன அன்னிக்கே எனக்கு ஞாபகம் வந்துச்சு. அதக் காட்டுனா உங்களுக்குத்தான் பிரச்சினை ஆவும். பென்ஷன் வர நேரத்துல எதுக்கு? நீங்க கூப்ட்டீங்க, நான் வந்தேன். இருக்கட்டும் விடுங்க."

மூன்று நாளாக அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் என்னவோ எனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒளிந்து திரிந்திருக்கிறேன்.

"ஏட்டி, ஒண்ணு கேக்கேன், உண்மையச் சொல்லு. நான் கூப்பிட்ட அன்னைக்கு ஒரு தடவையாவது வரமாட்டேன்னு சொல்லணும்னு உனக்குத் தோணலியா?"

அவள் போர்வையின் ஓரத்தை நேராக்கினாள். "தோணும் சிஸ்டர். ஆனா வரலன்னு சொல்லி, மறுநாள் அட்டை குடுக்காம போய்ட்டா?"

என் மேலுள்ள அன்பில்தான் வருகிறாள் என்று பன்னிரண்டு வருஷமாக நம்பியிருந்தேன். அவளோ ஒவ்வொரு தடவையும் வேலை போய்விடுமோ என்று பயந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். என் முகம் எப்படிப் போயிற்றோ தெரியவில்லை, அவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பயம் பாதிதான் சிஸ்டர். மீதி உங்களுக்காகத்தான் வந்தேன். நெசமா."

அந்த மீதியை வாங்கிக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. அவள் கையை விடுவித்துவிட்டு நேரே கீழே இறங்கிப் போனேன்.

ரெக்கார்டு ரூமில் தூசியில் தும்மிக்கொண்டே சாயங்காலம் வரை தேடினேன். பன்னிரண்டு நாட்களும் கிடைத்தன. நர்ஸ்கள் எல்லோரும் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக் கிறுக்கியிருந்த சார்ட்டில், அவள் மட்டும் தமிழில் "இளவரசி" என்று முழுசாக எழுதியிருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு வேளைகூடத் தவறவில்லை. அந்த நாட்களில் படுத்திருந்தவர்களில் ஒருவருக்குக்கூட முதுகில் புண் வரவில்லை. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே கட்டாகத் தூக்கிக்கொண்டு ஹெச்.ஆர். அறைக்குப் போனேன்.

ரங்கராஜன் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். பாஸ் அடிக்கட்டைகளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேடம், இதைக் குடுத்தேள்னா முதல் என்கொயரி உங்க மேலதான் வரும். எட்டு மாசம்தானே பாக்கி உங்களுக்கு?"

"எனக்கு எண்ணத் தெரியும் சார். அந்தப் பன்னிரண்டு நாளும் அவளைக் கூப்பிட்டது நான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாரேன். பேப்பர் குடுங்க."

அவர் ஒரு பேப்பரை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். "அந்த பிரேக் லெட்டர்ல எல்லாம் என் கையெழுத்தும் இருக்கே, பார்த்தேளா? அவாளுக்கு மட்டும் இல்லை, நாற்பது பேருக்குப் போட்டிருக்கேன். ஒரு தடவைகூடக் கை கூசலை" என்றார். பியூனைக் கூப்பிடாமல் தானே எழுந்து போய் எல்லாவற்றையும் நகல் எடுத்துவந்தார். வெள்ளிக்கிழமை காலையில் விண்ணப்பம் மறுபடி உள்ளே போனது.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. என்னைப் பதினைந்து வருஷப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டு, வெளிநோயாளிப் பிரிவில் டோக்கன் கொடுக்கிற கவுண்டருக்கு மாற்றினார்கள். கூடவே ஒரு மெமோ. மற்ற வார்டுகளின் பொறுப்பு சிஸ்டர்கள் இரண்டு பேர், தங்கள் நோட்டுகளையும் தோண்டிவிடுவார்களோ என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். தானியேல் மட்டும், "போனாப் போவுது, உக்காந்து பாக்குற வேலைதான" என்று காபி போட்டுக் கொடுத்தார். இளவரசிக்கு அந்தப் பன்னிரண்டு நாள் சம்பளமும் வந்தது, பயிற்சியில் இடமும் கிடைத்தது.

மே மாதம் முதல் திங்கள், கவுண்டரில் எனக்கு முதல் நாள். டோக்கன் மெஷின் என் பேச்சைக் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்தினார்கள். தலை நிமிர்ந்தபோது பக்கவாட்டில் இளவரசி நின்றிருந்தாள். இளநீலப் பயிற்சிச் சீருடை, கஞ்சி மொடமொடப்போடு. அன்றைக்குத்தான் அவளுக்கும் முதல் வகுப்பு. வழக்கம்போல அவள் கையைப் பார்த்தேன். பொட்டலம் எதுவும் இல்லை.

"என்னட்டி, கடலை மிட்டாய் எங்க?"

அவள் கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். சேர்ந்த தேதி என்ற இடத்தில், அவள் முதன்முதலாக எங்கள் வார்டுக்கு வந்த வருஷம் இருந்தது.

"புதுசா சேந்தவங்கதான சிஸ்டர் மிட்டாய் குடுக்கணும்? நான் பன்னெண்டு வருசமா இருக்கேன். இந்தக் கவுண்டருக்கு இன்னிக்குப் புதுசு நீங்கதான்." கையை நீட்டினாள். "உங்க பேரென்ன? எந்த ஊரு?"

வரிசையைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, பர்ஸை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போனேன்.